ரொட்டி, மருந்து, துப்பாக்கி: கொரோனா ஊரடங்கில் அமெரிக்கக் கடைகள்

2020 மார்ச் மாத நடுவில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கல்வர் சிட்டி என்ற ஊரில் ஒரு கடைக்கு முன்னால் மக்கள் நீண்ட வரிசையில் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கொரோனா அச்சத்தில் அரிசி, பால், கழிப்பறைக் காகிதம் என்று அங்காடிகள் காலியாகிக்கொண்டிருந்த வாரம் அது. மேலோட்டமாகப் பார்த்தவர்கள் இதுவும் மளிகைக் கடை வரிசைதான் என்று நினைத்திருக்கலாம். பெயர்ப் பலகையைப் படித்தவர்களுக்குத்தான் தெரிந்தது, அது துப்பாக்கிக் கடை என்று.

நம் நாட்டில் அந்த நாட்களில் மளிகை, பால், காய்கறி, மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி இருந்தது. துப்பாக்கிக் கடையைத் திறக்கலாமா, கூடாதா என்று எந்த மாவட்ட ஆட்சியரும் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்க மாட்டார். அமெரிக்காவிலோ இதே கேள்வியை கவர்னர்கள், ஷெரிஃப்கள், மத்திய அரசுத் துறைகள், நீதிபதிகள் என்று எல்லோரும் மாதக்கணக்கில் மென்று கொண்டிருந்தார்கள். அது அவர்கள் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் வேலை பார்க்கிறார்கள், படிக்கிறார்கள், வாடகை வீட்டில் குழந்தைகளோடு வாழ்கிறார்கள். அவர்களுடைய பக்கத்து வீட்டில் அந்த ஆண்டு என்ன வந்து சேர்ந்தது என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட செய்திதான்.

எத்தனை துப்பாக்கிகள் விற்றன?

நேரான பதில் கிடையாது. அமெரிக்க மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர்களின் பட்டியலை வைத்திருக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அதனால் விற்பனையைக் கணக்கிட எல்லோரும் எடுத்துக்கொள்வது எஃப்.பி.ஐ. வெளியிடும் பின்னணிச் சோதனை எண்ணிக்கையை. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரையும், அவர் குற்றவாளியா, வாங்கத் தடை உள்ளவரா என்று கணினியில் சரிபார்க்கும் முறை இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நிக்ஸ்' என்பார்கள்.

2020 மார்ச்சில் மட்டும் 37 லட்சத்துக்கும் அதிகமான சோதனைகள் நடந்தன. 1998 நவம்பரில் இந்த முறை தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு வந்ததில்லை. மார்ச் 20 வெள்ளிக்கிழமை ஒரே நாளில் 2 லட்சத்து 10 ஆயிரத்தைத் தாண்டியது. ஜூனில் 39 லட்சம். 2019 முழுக்க 2 கோடியே 83 லட்சமாக இருந்தது, 2020இல் 3 கோடியே 97 லட்சத்துக்கு ஏறியது.

இந்த எண்ணை அப்படியே 'விற்ற துப்பாக்கிகள்' என்று எழுதிவிடும் செய்திகளை நாம் நிறையப் பார்த்தோம். அது சரியல்ல. ஒரு சோதனையில் ஒருவர் இரண்டு மூன்று துப்பாக்கிகள் வாங்கலாம். மறுபக்கம், கென்டகி போன்ற மாநிலங்களில் ஏற்கெனவே அனுமதி அட்டை வைத்திருப்பவர்களை மாதாமாதம் மறுபடியும் சோதிக்கிறார்கள். அங்கே விற்பனையே இல்லாமல் எண்ணிக்கை கூடும். ஆகவே எண் துல்லியமானதல்ல. ஆனால் அது காட்டும் ஏற்றம் உண்மை. துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஆண்டு விற்பனை, 2021 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டில் முதல்முறையாக 100 கோடி டாலரைத் தாண்டியதே போதும்.

வைரஸைச் சுட முடியுமா?

கேலியாகக் கேட்கப்பட்ட கேள்விதான் இது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பயந்தது வைரஸுக்கு அல்ல, மனிதர்களுக்கு. போலீஸார் நோயில் படுத்துவிட்டால் அழைத்ததும் யார் வருவார்? தொற்றுக்கு அஞ்சிச் சிறைகளிலிருந்து ஆட்களை விடுவிக்கிறார்களே, அவர்கள் என்ன செய்வார்கள்? வேலையிழந்தவர்கள் கடைகளை, வீடுகளைச் சூறையாட வந்தால்? கூடவே, கடைகளை மூடிவிடுவார்கள், பிறகு வாங்க முடியாது என்ற பயம். வெங்காயம் விலை ஏறப்போகிறது என்றதும் பத்துக் கிலோ வாங்கி வைக்கிறோமே, அதே கணக்கு.

சீன வம்சாவளியினருக்கு வேறொரு பயம் இருந்தது. வைரஸின் பழியைத் தங்கள் தலையில் போட்டுத் தெருவில் தாக்குகிறார்கள் என்று பலர் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். இந்த உணர்வு முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 2019 மார்ச்சில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜும்ஆ நேரத்தில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்கப் பள்ளிவாசல்கள் பலவற்றின் வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் நின்றார்கள். அவர்கள் பயம் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். அந்தப் பயத்துக்கு வீட்டு அலமாரியில் ஒரு கைத்துப்பாக்கி மருந்தாகுமா என்பதைத்தான் பின்னால் பார்க்கப் போகிறோம்.

2020 மே 25ஆம் தேதி மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸாரால் கொல்லப்பட்டதும் நாடெங்கும் போராட்டங்கள் எழுந்தன. பிறகு தேர்தல் வந்தது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. ஒவ்வொரு பரபரப்பும் கடைக்காரர்களின் கல்லாவை நிரப்பியது. அந்த ஜனவரியில் சோதனைகள் 43 லட்சம், மார்ச்சில் 46 லட்சத்துக்கும் மேல்.

கடையில் வாங்கும் முறை

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி வரலாம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பாதி உண்மை. கடைக்காரருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, மனைவியை அடித்த வழக்கில் தண்டனை உண்டா, நீதிமன்றத் தடை உத்தரவு இருக்கிறதா, எந்த நாட்டுக் குடிமகன் என்று கேள்விகள் வரும். பொய் சொன்னால் அதுவே குற்றம். உரிமக் கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும், நீளத் துப்பாக்கிகளுக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டம்.

படிவத்தை நிரப்பியதும் கடைக்காரர் சோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பதில் தாமதமானால்தான் சிக்கல். மூன்று வேலை நாட்களுக்குள் 'கூடாது' என்று பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்கிறது மத்தியச் சட்டம். இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 2015 ஜூனில் தெரிந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வேத வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற இளைஞன், இப்படி மூன்று நாள் கடந்து போனதால்தான் துப்பாக்கியைப் பெற்றிருந்தான். சோதனை முறையாக முடிந்திருந்தால் அவனுக்கு விற்றிருக்க முடியாது. கொரோனா காலத்தில் ஒரு பக்கம் விண்ணப்பங்கள் குவிந்தன, மறுபக்கம் நீதிமன்ற அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. பழைய வழக்கு விவரம் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. மூன்று நாள் என்பது எவ்வளவு குறைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மேல் மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், பணம் கட்டிய பிறகும் 10 நாள் காத்திருக்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்து தோட்டா வாங்கவும் சோதனை உண்டு. இல்லினாயில் தனி அடையாள அட்டை. நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு உரிமம். 'துப்பாக்கிக் கட்டுப்பாடே இல்லாத நாடு' என்று தங்கள் நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த புது வாடிக்கையாளர்கள், கடை மேசைக்கு வந்த பிறகுதான் பத்து நாள் கணக்கைத் தெரிந்துகொண்டு கோபப்பட்டார்கள் என்று கடைக்காரர்களே அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி எந்தச் சோதனையும் தேவையில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சில மாநிலங்கள் மட்டும் அந்த விற்பனையையும் சோதனைக்குள் கொண்டுவந்திருக்கின்றன.

நோய்த்தொற்றுக் காலத்துக்காக ஒரு புதிய ஏற்பாடும் வந்தது. துப்பாக்கி வணிகத்தை மேற்பார்வையிடும் ஏ.டி.எஃப். என்ற மத்தியப் பணியகம், கடைக்கு வெளியே, அவர்களுடைய இடத்துக்குள்ளேயே, கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டோ, ஜன்னல் வழியாகவோ விற்கலாம் என்று 2020 ஏப்ரல் 10 அன்று அனுமதித்தது. பர்கரைக் காரில் இருந்தபடியே வாங்குவது போலத் துப்பாக்கியையும் வாங்கலாம் என்று எழுதாத பத்திரிகை இல்லை.

'அத்தியாவசியம்' என்றால் என்ன?

ஊரடங்கை அங்கே பிரதமர் அறிவிக்கவில்லை. அந்தந்த மாநில கவர்னர்கள்தான் முடிவெடுத்தார்கள். எந்தக் கடை அத்தியாவசியம் என்ற பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் மல்யுத்த நிகழ்ச்சிகூட அத்தியாவசியப் பட்டியலுக்குள் புகுந்துகொண்டது. கலிஃபோர்னியாவில் கஞ்சாக் கடைகள் திறந்திருந்தன. மதுக்கடைகள் பெரும்பாலான மாநிலங்களில் மூடப்படவேயில்லை. பட்டியல் போடுகிறவரின் பேனாவுக்குத்தான் எவ்வளவு அதிகாரம்!

துப்பாக்கிக் கடை விஷயத்தில் மாநிலங்கள் பிரிந்தன. டெக்சஸ் போன்றவை திறந்தே வைத்தன. நியூஜெர்சி கவர்னர் ஃபில் மர்ஃபி மார்ச் 21 அன்று மூடச் சொன்னார். பென்சில்வேனியாவில் கவர்னர் டாம் வுல்ஃப் உயிர்காக்கும் தொழில் தவிர எல்லாவற்றையும் மூடியபோது துப்பாக்கிக் கடைகளும் அதில் அடங்கின. மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு எதிரான மனுவை மார்ச் 22 அன்று தள்ளுபடி செய்தது. வழக்கில் வென்ற கவர்னர் இரண்டு நாளில் தாமாகவே இறங்கிவந்து, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் விற்கலாம் என்றார். நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டு அரசியலில் விட்டுக்கொடுப்பது எங்கும் நடப்பதுதானே.

கலிஃபோர்னியாவில் கவர்னர் கவின் நியூசம் முடிவைத் தாம் எடுக்காமல் ஒவ்வொரு கவுன்டியின் ஷெரிஃபிடமும் விட்டுவிட்டார். ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் ஷெரிஃப் அலெக்ஸ் வில்லனுவேவா ஒரு நாள் மூடச் சொன்னார், மறுநாள் அதை நிறுத்திவைத்தார், அடுத்து மறுபடியும் மூடச் சொன்னார், மார்ச் 30 அன்று திறக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் இத்தனை திருப்பங்கள். அவர் மீது தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வும் பிறரும் வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

இந்த மனமாற்றங்களுக்கு முக்கியக் காரணம் வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு தாள். எந்தெந்தத் தொழிலாளர்கள் நாட்டின் முக்கியக் கட்டமைப்புக்குத் தேவை என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் உள்ள ஓர் அமைப்பு மார்ச் 19 அன்று வழிகாட்டும் பட்டியல் வெளியிட்டது. அதில் துப்பாக்கி விற்பனையாளர்கள் இல்லை. மார்ச் 28 அன்று திருத்திய பட்டியலில் தயாரிப்பாளர்கள், கடைக்காரர்கள், சுடும் பயிற்சி மையங்கள் என்று எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் துப்பாக்கி வணிகர் சங்கம் கடுமையாக வலியுறுத்தியது. (அந்தச் சங்கத்தின் தலைமையகம் அப்போது கனெக்டிகட்டின் நியூடவுனில் இருந்தது, 2012 டிசம்பரில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட சாண்டி ஹூக் பள்ளி இருக்கும் அதே ஊர்.) பட்டியல் ஆலோசனைதான், உத்தரவு அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் நியூஜெர்சி இரண்டே நாளில் கடைகளைத் திறக்க ஒப்புக்கொண்டது.

மாசசூசெட்ஸ் கடைசிவரை பிடிவாதமாக நின்றது. மே 7 அன்று மத்திய நீதிபதி டக்ளஸ் வுட்லாக், கடைகளைத் திறக்கலாம், முன்பதிவு செய்தவர்கள் மட்டும் வரலாம், மணிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவிட்டார். அதே மே 7ஆம் தேதிதான் தமிழகத்தில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டுக் கூட்டம் அலைமோதியது. ஒவ்வொரு நாடும் எதற்காக வரிசையில் நிற்கிறது என்பதைத் தனியே ஆராயலாம்.

உரிமை என்கிற வாதம்

துப்பாக்கியை மளிகையோடு வைத்துப் பேச முடிகிற காரணம், 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம். ஆயுதம் வைத்திருப்பதை அது மக்களின் உரிமை என்கிறது. இது படைக்கான உரிமையா, தனிமனித உரிமையா என்று நீண்ட நாள் வாதம் நடந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. வைத்திருக்க உரிமை உண்டென்றால் வாங்கவும் உரிமை இருக்க வேண்டும். எல்லாக் கடைகளையும் மூடிவிட்டால் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்பது கடைக்காரர்களின் வாதம். இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அரசமைப்பு தந்த உரிமையை ஓர் ஷெரிஃப் ஒரே கையெழுத்தில் நிறுத்திவைக்கலாம் என்றால் நாளை வேறு எந்த உரிமைக்கும் அந்தக் கதி வரலாம்.

எதிர்வாதம் 1905ஆம் ஆண்டு ஜேக்கப்சன் வழக்கைப் பிடித்துக்கொண்டது. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய மாசசூசெட்ஸ் சட்டம் செல்லும், கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் உயிரைக் காக்க அரசு தனிமனிதர் சுதந்திரத்தை ஓரளவு கட்டுப்படுத்தலாம் என்ற தீர்ப்பு அது. துணிக்கடையை மூடுவது போலத்தான் துப்பாக்கிக் கடையையும் மூடுகிறோம், உரிமையைப் பறிக்கவில்லை, சில வாரம் தள்ளிப்போடுகிறோம் என்றார்கள் அரசு வழக்கறிஞர்கள்.

நம்மை நேரடியாகத் தொட்ட இடம் ஒன்று உண்டு. 2020இல் அமெரிக்காவில் ரமளான் ஏப்ரல் 24 வாக்கில் தொடங்கியது. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. தராவீஹை வீட்டிலேயே தொழுதார்கள். ஜனாஸாவுக்குக் கூட விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஆட்கள். அமெரிக்கப் பள்ளிவாசல்கள் பெரும்பாலும் அரசு சொல்வதற்கு முன்பே தாமாக மூடின; மக்கள் உயிரைக் காப்பது மார்க்கம் என்று உலமாக்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வழிபாட்டு உரிமையும் அதே அரசமைப்பின் முதலாவது திருத்தத்தில் இருக்கிறது. துப்பாக்கிக் கடைக்குப் போகலாம், தொழப் போகக் கூடாதா என்ற கேள்வி எல்லா மதத்தவருக்கும் எழுந்தது. சில தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கலிஃபோர்னியாவின் கட்டுப்பாட்டை ஏற்றது. இடையில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமாகி, ஏமி கோனி பேரட் அந்த இடத்துக்கு வந்தார். நவம்பரில் அதே ஐந்துக்கு நான்கு, ஆனால் தலைகீழாக: வழிபாட்டுத் தலங்களுக்கு நியூயார்க் விதித்த கட்டுப்பாடு செல்லாது. மதுக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் உள்ள சலுகை வழிபாட்டுக்கு இல்லையா என்று நீதிபதி நீல் கார்சச் கேட்டிருந்தார். கேள்வி சரியானதுதான். ஆனால் கடையில் பத்து நிமிடம் நிற்பதும், நூறு பேர் தோளோடு தோள் சேர்த்து ஒரு மணி நேரம் உள்ளே இருப்பதும் தொற்றுக்கு ஒன்றல்ல. தாமாக மூடிய பள்ளிவாசல்கள் இந்த வேறுபாட்டை நீதிபதிகளுக்கு முன்பே புரிந்துகொண்டன என்றே நமக்குத் தோன்றுகிறது.

வால்மார்ட்டின் கணக்கு

தனிக் கடைகளைப் போலவே பெரிய சங்கிலி அங்காடிகளும் துப்பாக்கி விற்கின்றன. பால், சட்டை, பொம்மை விற்கும் வால்மார்ட்டில் ஒரு மூலையில் வேட்டைத் துப்பாக்கிகளும் இருக்கும். 1993இலேயே அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் கைத்துப்பாக்கி விற்பனையை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. 2015இல் ஏஆர்-15 வகையை நிறுத்தியது. 2018இல் வயது வரம்பை 21 ஆக்கியது. 2019 ஆகஸ்டில் டெக்சஸின் எல் பாசோ நகரில் அதன் கடைக்குள்ளேயே ஒருவன் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் விற்பதில்லை என்று அறிவித்தது. இதனால் 2020இல் புதிதாக வாங்க வந்தவர்கள் தேடிய கைத்துப்பாக்கி அங்கே இல்லை. அவர்கள் சிறிய கடைகளுக்கும் துப்பாக்கிகளுக்கென்றே உள்ள அங்காடிகளுக்கும் போனார்கள். போராட்டங்களின்போது சூறையாடப்படலாம் என்று அஞ்சி, அந்த அக்டோபர் கடைசியில் வால்மார்ட் துப்பாக்கிகளைக் காட்சி அலமாரிகளிலிருந்து எடுத்து உள்ளே பூட்டியது. மறுநாளே திரும்ப வைத்தது.

வாங்கியவர்கள் யார், பிறகு என்ன ஆனது?

2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை ஏறத்தாழ 75 லட்சம் பெரியவர்கள் முதல்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர்கள் ஆனார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், ஐந்தில் ஒருவர் ஹிஸ்பானியர். துப்பாக்கி என்றாலே கிராமத்து வெள்ளைக்கார ஆண் என்ற பழைய படம் மாறிவிட்டது. இவர்களில் 54 லட்சம் பேர் வீட்டில் அதற்கு முன் துப்பாக்கியே இருந்ததில்லை. அவர்களோடு அதே வீட்டில் வாழ்பவர்களையும் சேர்த்தால், புதிதாகத் துப்பாக்கியுள்ள வீட்டில் வாழ நேர்ந்தவர்களில் சுமார் 50 லட்சம் பேர் குழந்தைகள்.

பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். வீட்டில் பெற்றோருக்கு வேலை போன கவலை. அந்த வீட்டுக்குள்தான் இந்தப் புதுப் பொருள் வந்தது.

2019இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 39,707 பேர். 2020இல் 45,222 பேர். 2021இல் 48,830 பேர். பெருமளவில் கூடியது கொலைகள். இந்தக் கொலைகளுக்குப் புதிதாக வாங்கிய துப்பாக்கிகள்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. வேலையிழப்பு, மூடிய பள்ளிகள், போலீஸ் மீதான அவநம்பிக்கை எல்லாம் சேர்ந்திருந்த ஆண்டு அது. அதனால் நாமும் ஒரே காரணத்தில் முடிச்சுப் போட மாட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. 2020இல் இறந்த அந்த 45 ஆயிரம் பேரில் பாதிக்கும் மேல், 24,292 பேர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி திருடனைவிட வீட்டில் இருப்பவர் மீதே அதிகம் பாய்கிறது. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020 ஜூனில் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம், இல்லாதவர்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. மன உளைச்சல் பெரும்பாலும் வந்து போகிற ஒன்று. அந்தக் கொடிய ஒரு மணி நேரத்தைக் கடந்துவிட்டவர்கள் பலர் பிறகு முழு வாழ்க்கை வாழ்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கலிஃபோர்னியாவின் பத்து நாள் காத்திருப்பைக் கேலி செய்தவர்கள் கவனிக்காதது இதைத்தான்.

அதே 2020இல் இன்னொரு வரிசையும் மாறியது. 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்கள் இறப்பதற்கான முதல் காரணம் அமெரிக்காவில் பல்லாண்டுகளாகச் சாலை விபத்து. அந்த ஆண்டு துப்பாக்கி அந்த இடத்துக்கு வந்தது.

வழக்குகள் எங்கே போய் முடிந்தன?

2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வென்ச்சுரா கவுன்டி 48 நாட்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி 11 நாட்களும் துப்பாக்கிக் கடைகளை மூடிவைத்தது அரசமைப்புக்கு விரோதம் என்றது. மார்ச்சில் பெரிய அமர்வு விசாரிக்க முடிவு செய்து அந்தத் தீர்ப்பை விலக்கிவைத்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சம்பந்தப்பட்ட ப்ரூயன் வழக்கில் துப்பாக்கிச் சட்டங்களை அளக்கும் அளவுகோலையே மாற்றிவிட்டதால், இந்த வழக்குகள் மறுபடி கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பின. கடைகளோ 2020 மே மாதமே திறந்துவிட்டன.

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

கிரீன் கார்டு உள்ளவர் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். ஹெச்1பி, எல்1, எஃப்1, ஹெச்4, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்பது அவசியம். இந்தத் தடையை மீறினால் 2022க்குப் பிறகு 15 ஆண்டுவரை சிறை, அதோடு நாடுகடத்தலும் வரலாம். குடியுரிமை பெற்ற நண்பரிடம் பணம் கொடுத்து, "உன் பெயரில் எனக்கு வாங்கிக் கொடு" என்பதும் தனிக் குற்றம். வாங்கித் தந்தவரும் மாட்டுவார்.

ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் படிக்கச் சென்ற மாணவர் ஒருவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அதோடு அவருடைய விசாத் தகுதியும் போயிற்று. ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்தவர் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். அதற்கே வழக்கு, 18 மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம், தாம் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. நண்பர்களோடு வார இறுதியில் சுடும் மையத்துக்கு விளையாட்டாகப் போகும் நம் மாணவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டப்படி தகுதி இருந்து, பயத்தில் வாங்கியே விட்டவர்கள் நம் மக்களிலும் இருப்பார்கள். தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி, சாவியைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைப்பதுதான் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சொல்வது. பூட்டுகள் பல ஊர்க் காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் யாருக்காவது மனம் உடைந்திருக்கும் காலத்தில் அது வீட்டிலேயே இல்லாதிருப்பது நல்லது. 988 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் உண்டு.

துப்பாக்கியே வேண்டாம் என்றிருக்கும் வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் பத்து பேரில் நான்கு பேர் துப்பாக்கியுள்ள வீட்டில் வாழ்கிறார்கள். நம் பிள்ளை பள்ளித் தோழன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, "எங்கள் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா" என்று கேட்கிறோம். அதோடு சேர்த்து, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்றும் கேட்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். நம்மவர்களுக்கு வாய் கூசும். விருந்துக்கு அழைத்தவரிடம் இப்படிக் கேட்பதா என்று தயங்குவார்கள். அங்கே பல பெற்றோர் இதைச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அந்தத் தோழனை நம் வீட்டுக்கு விளையாட அழைத்துவிடலாம்.